தண்ணீருக்கு விலக்கு ஆணை தெரியாது!

புளியந்தோப்புக்காரனிடம் மழையைப் பற்றிக் கவிதை கேட்காதீர்கள் நண்பர்களே! ஐப்பசி பிறந்தால் எங்கள் வீடுகளில் அரிசி மூட்டை பரணுக்கு ஏறும். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் ஏறும். ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. கால்வாய் நிரம்பி நின்றால் நல்லாவின் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் தெருவுக்குத்தான்! 2015-லும் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம்.

சிவில் படிக்கும் நாம் 'கட்டடத்தைச் சுற்றிக் காலி இடம் விடு' என்ற விதியைக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். எங்கள் பேட்டையில் அந்த மண் தரை, மழையைக் குடிக்கிற வாய். அதற்குச் சிமெண்ட் பூசினால் அது குடிக்காத தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 113-ஆம் பிரிவு, விதிகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1998-ல் 113-ஏ வந்தது. விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தலாம், 28.2.1999 வரை கட்டியவற்றுக்கு, ஒரே ஒரு முறை! ஆனால் கெடு 2002 வரை நீண்டுகொண்டே போயிற்று. அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2012-ல் 113-சி வந்தது, இம்முறை 1.7.2007 வரை கட்டியவற்றுக்கு. ஒரு தடவைன்னா ஒரு தடவைதானே சார்?

அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலும் விலக்கு உண்டு. ஆனால் வெள்ளம் ஓடும் பாதையில் வெள்ள மட்டம் சற்றே உயரும் என்றாலும் விலக்குக் கிடையாது. தேவையான குறைந்த அளவுக்குத்தான் விலக்கு. வெள்ள மட்டத்துக்குக் கீழே கட்டினால் காப்பீட்டுக் கட்டணம் எகிறும் என்று எழுத்திலேயே எச்சரிக்கை தருவார்கள். அங்கே முதல் கேள்வி, 'பணம் கட்டினாயா?' அல்ல, 'தண்ணீர் எங்கே போகும்?'

'விலக்கே கூடாது' என்று நான் சொல்ல மாட்டேன். கால் கிரவுண்டில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்குப் புத்தக விதி பொருந்தாது. எங்கள் வீடும் அப்படித்தான். ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்தில் கிடக்கிறது. போன வருஷம் அம்மா கேட்டார்கள்: "இன்னாடா சிவிலு படிக்கிற, நம்ம வூட்ட எப்போ ஒசத்துறது? பின்னாடி காலி எடத்தையும் சேத்து மண்ணு கொட்டி மூடிடேன்!"

பின்னால் இருப்பது தகர ஷீட் போட்ட வீடு. அதில் ஒரு ஆயா தனியாக இருக்கிறார். நாங்கள் மூன்றடி உயர்த்தி மண் கொட்டினால், அந்த மூன்றடித் தண்ணீர் ஆயா வீட்டுக்குத்தான். "தூண் நிறுத்தி மேல கட்டலாம்மா, கீழ தண்ணி ஓடட்டும். பின்னாடி மண்ணு மண்ணாவே இருக்கட்டும்" என்று வரைந்து காட்டினேன். அம்மா கணக்குப் போட்டார்கள். செலவு அதிகம். இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் பள்ளத்தில்தான் இருக்கிறோம்.

விலக்கு கொடுக்க வேண்டியது இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான்: மேலே எழும்ப உதவியோடு கொடுங்கள். அகலமாகப் பரவி மண்ணை மூடுவதற்குக் கொடுக்காதீர்கள்!

நண்பர்களே, நாளை நம்மில் பலர் பிளான் வரைவோம்; சிலர் அதைப் பரிசீலிக்கும் நாற்காலியிலும் உட்காருவோம். வரைபடத்தில் நமக்கு நான்கு எல்லைக்கோடுகள் தெரியும். அந்தக் கோட்டுக்கு அப்புறம் ஓர் ஆயா இருக்கிறார் என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்!