வானம் பார்க்கிற வேலை

"வானத்தைப் பார்க்கிறதுக்குச் சம்பளமா?" அப்பா கேட்ட முதல் கேள்வியே இதுதான். நான் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். அடுத்து பி.எட்.னு வீட்டில் முடிவே பண்ணிட்டாங்க. எனக்கோ ஆறாம் வகுப்பிலிருந்து வானியல் கிறுக்கு.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நாங்க நாலு பேர் காவலூர் போனோம். ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கதான் இருக்கு. இருட்டினதும் சின்ன தொலைநோக்கியில் ஏதாவது பார்க்கலாம்னு காத்திருந்தா... மேகம்! ஒரு நட்சத்திரம்கூட தெரியலை. (நம்ம ராசி அப்படி.)

ஆனா அங்க ஆராய்ச்சி பண்ற ஒரு அண்ணன்கிட்ட பேசக் கிடைச்சது. "தினமும் ராத்திரி தொலைநோக்கியில் பார்ப்பீங்களாண்ணா?"ன்னேன். சிரிச்சார். கண்ணை வெக்கிறதே இல்லையாம், எல்லாம் கேமராதான். அவருக்கு வருஷத்துக்குச் சில ராத்திரிதான் தொலைநோக்கி கிடைக்குமாம். அதுக்கும் 'எதுக்கு வேணும்'னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஒரு குழு ஒத்துக்கணும். அன்னைக்குன்னு மேகம் வந்தா போச்சு. மத்த நாளெல்லாம் கம்ப்யூட்டர், பைத்தான், கணக்கு. லடாக்கில் ஹான்லேங்கிற இடத்தில், கிட்டத்தட்ட 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிற தொலைநோக்கியை பெங்களூர் பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்குறாங்களே, அப்புறம் எங்க வானத்தை அண்ணாந்து பார்க்கிறது?

வழியும் நீளம் நண்பர்களே. எம்.எஸ்சி., அப்புறம் ஜெஸ்ட் இல்லைன்னா நெட் தேர்வு, பிஎச்.டி. அஞ்சு வருஷத்துக்குக் குறையாது. 2023-ல் உயர்த்தினதில் ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000. இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுக்கப்புறமும் ரெண்டு மூணு வருஷ ஒப்பந்தத்தில் ஊர் ஊரா, நாடு நாடா வேலை. நிரந்தர வேலை கிடைக்கிறப்போ முப்பத்தஞ்சு வயசுகூட ஆகலாம்னதும் பேப்பரை எடுத்துக்கிட்டார்.

என் பயம் வயசு இல்லை. கணக்கு. ரெண்டாவது செமஸ்டரில் அதில் அரியர் வெச்சவன் நான். காவலூரில் 1988-ல் கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேர் வெச்சிருக்காங்க, என்னைக் கிண்டல் பண்றதுக்கே வெச்ச மாதிரி!

இப்போ விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து கணக்கு போடறேன். எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வுக்கு டியூஷன் காசில் விண்ணப்பமும் போட்டாச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை சொல்லணும்.