வாசலுக்கு வாசல்

எங்கள் மூத்தம்மாவுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘ரேடியோ’. சந்தைக்குப் போய்வர இருபது நிமிடம் போதும். அவர் போனால் ஒரு மணித்தியாலம். வழியிலுள்ள மதில்களில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பார். படிக்கட்டைக் கண்டால் குந்திவிடுவார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் கதை தொடங்கிவிடும். “ஊர்க்கதையெல்லாம் வாங்கிட்டு வாறா” என்று சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு நாளும் மறுத்ததில்லை. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

போன நோன்பில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகையில் அவர் பக்கத்தில் நின்றேன். நிலையில் நிற்கும்போது பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். ருகூவுக்குக் குனிந்ததும் நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்த பிறகும் அவர் குனிந்தே இருந்தார். வீடு திரும்பும்போது கேட்டேன்.

“குனிஞ்சாத்தான் புள்ள காலுக்குச் சொகம். நிமிந்தா குண்டியில இருந்து பெருவிரல் மட்டும் கறண்ட் இழுத்த மாதிரி.”

“எவ்வளவு நாளா மூத்தம்மா?”

“ரெண்டு வருசமிருக்கும்.”

மனிதனில் 31 சோடி முள்ளந்தண்டு நரம்புகள் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியவள் நான். அவை எந்த வழியால் வெளியே வருகின்றன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. டொக்டர் ஸ்கேன் படத்தில் காட்டினார். அடுத்தடுத்த இரண்டு முள்ளென்புகளுக்கு இடையில், இரு பக்கமும் சின்னச் சின்ன வாசல்கள். அவற்றின் வழியேதான் நரம்பின் வேர் வெளியேறுகிறது. முன்புறம் வட்டத்தட்டு, பின்புறம் முள்ளென்புகளை இணைக்கும் சிறு மூட்டு. வயது போகப் போகத் தட்டு தேய்ந்து உயரம் குறைகிறது. மூட்டு தடித்து, விளிம்பில் எலும்பு முளைக்கிறது. வாசல் ஒடுங்கி நரம்பு நெரிபடுகிறது. மூத்தம்மாவுக்கு நெரிபட்டிருந்தது ஐந்தாவது நாரி நரம்பு. அது காலின் வெளிப்புறத்தால் இறங்கிப் பெருவிரல் வரை போவது. கோளாறு நாரியில், வலி காலில்.

நிமிரும்போது அந்த வாசல் இன்னும் ஒடுங்குமாம். குனியும்போது சற்றுத் திறக்குமாம். மதிலில் ஊன்றிக் குனிந்ததும் படிக்கட்டில் குந்தியதும் ஏனென்று எனக்கு அங்கேதான் விளங்கியது. டொக்டரின் முன்னால் அழ வெட்கமாக இருந்தது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒப்பரேசன் செய்யணுமா?” என்றார் வாப்பா. உடனே தேவையில்லை என்றார் டொக்டர். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் கையால் அழுத்திப் பார்த்தார், பலம் குறையவில்லை. சில நாளைக்கு வலி மாத்திரை. மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைப்பது போன்ற பயிற்சிகள். அதற்கும் அடங்காவிட்டால் நரம்பின் அருகே ஊசி. பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, வலி வாழ்க்கையை முடக்கினாலோதான் வாசலை அகலமாக்கும் சத்திரசிகிச்சை. சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவரச் சொன்னார். தேய்ந்த தட்டைப் பழையபடி ஆக்கும் மாத்திரை கிடையாது என்பதையும் மறைக்கவில்லை.

கதிரையில் இருந்து தொழ மூத்தம்மா முதலில் சம்மதிக்கவில்லை. நிற்க முடியாதவருக்கு இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு என்று உம்மா எடுத்துச் சொன்ன பிறகு, இயன்ற மட்டும் நின்று, வலி தொடங்கியதும் அமர்ந்துகொள்கிறார்.

“ஏன் மூத்தம்மா ஒரு வார்த்தை சொல்லல்ல?” என்று ஓர் இரவு கேட்டேன்.

“நோய்க்காரி எண்டா வீட்டுல இருத்திப் போடுவீங்க. ரேடியோ எண்டா நடக்க உடுவீங்கதானே.”

மாதங்கள் சிலவாகப் பயிற்சியைத் தவறவிடுவதில்லை. வலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் வாப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் கூடப் போகிறேன். ஏறி ஓட அல்ல. ஹேண்டிலில் இரு கையையும் ஊன்றி, கொஞ்சம் குனிந்து அதை உருட்டிக்கொண்டு சந்தை வரைக்கும் ஒரே மூச்சில் நடந்துவிடுகிறார்.

போன கிழமை, பாதி வழியில் ஒரு வாசலில் சடாரென்று நின்றார். எனக்குப் பதறிவிட்டது.

“கால் இழுக்குதா மூத்தம்மா?”

“இல்லடி. இவட மகளுக்கு மாப்பிள பாத்தாங்களாம். என்னெண்டு கேட்டுட்டு வாறன், சைக்கிளப் புடி.”