பெயர் தெரியாத சகோதரி



அத்தியந்தல் முகாமிலுள்ள உறவினரைக் காண வந்திருந்த ஒரு தாயார், சென்ற மாதம் நம் வேங்கிக்கால் சபையின் ஆராதனையில் கலந்துகொண்டார். அன்று நான் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலிருந்து, காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டியதைக் குறித்துப் பிரசங்கித்தேன். எல்லோரும் சென்றபின் அவர் என்னிடம் வந்து, "ஐயா, பேர் தெரியாத ஆளிட்ட எப்பிடிப் போறது?" என்று கேட்டார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

அவர் 2009-இல் மெனிக் பாம் முகாமில் இருந்தவர். வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில் காட்டை அழித்து அமைக்கப்பட்ட முகாம் அது. அவ்வாண்டு மே மாதம் போர் முடிந்தபோது, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 2,80,000 தமிழர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர், பெரும்பாலோர் அங்கேதான். முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், ஆனந்த குமாரசுவாமி, அருணாசலம் என்று ஈழத்துப் பெரியோரின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். இவர் இருந்தது அருணாசலம் பகுதியில். நாம் நாள்தோறும் கண்ணுயர்த்திப் பார்க்கும் மலையின் பெயர், அவருக்குக் கூடாரத்தின் விலாசமாக இருந்திருக்கிறது.

அங்கே ஒரு நாள் என்பது வரிசைதான். சோற்றுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, கழிப்பிடத்துக்கு வரிசை. தண்ணீருக்கு மட்டும் ஆட்களுக்குப் பதிலாக வாளிகள் நிற்கும். ஒரு நண்பகலில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் தன் பச்சை வாளியை இவருடைய வாளிக்கு முன்னே நகர்த்தி வைத்தாள். இவருடைய மகள் கூடாரத்தில் காய்ச்சலாய்க் கிடந்தாள். இவர் அந்த வாளியை உதைத்துத் தள்ளினார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். ஆகஸ்ட் மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்து, பலர் இடம் மாறினார்கள். பிறகு அவளைக் காணவே இல்லை.

போரும் பசியும் செய்த காரியம் அது, உங்கள் குற்றமல்ல என்று ஆறுதல் சொன்னேன். எளிதாகச் சொல்லிவிட்டேன். அவர் ஏற்கவில்லை. "வேலி போட்டது ஆமி, ஐயா. வாளியை உதைஞ்சது என்ர கால்" என்றார்.

2009 மே 16 அன்று நான் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, நாள் முழுவதும் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆராதனையில் இலங்கைக்காக ஒரே ஒரு வாக்கியம் ஜெபித்தேன். அந்தத் தாயாரின் முன் நின்றபோது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது.

2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டபோதும் கேப்பாப்பிலவு மக்கள் ஊர் திரும்ப இயலவில்லை. அவர்களுடைய நிலத்தில் இராணுவம் இருந்தது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பிரசங்கிக்கும்போது இனி இதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தின் விண்ணப்பத் தாளில் ஒரு சகோதரியைச் சேர்த்திருக்கிறேன். பெயர் தெரியாது. பச்சை வாளி, இடுப்பில் குழந்தை என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.