உதை வாங்கும் கை

வீட்டில் மகளிடமிருந்து ‘சுட்டு’ வந்த கண்மை டப்பாவைத் திறந்தார் ஆசாரி. எதிரே நின்ற கல்லூரி மாணவனின் வலது உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் மையை மெலிதாகத் தடவினார். “எப்பவும் பிடிக்கிற மாதிரியே பிடி தம்பி.” பிஸ்டலில் குண்டு இல்லை, அதற்கு அடையாளமாகக் குழலுக்குள் ஆரஞ்சு நிற நைலான் இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பையன் பிடித்தான், பத்து எண்ணினான், வைத்தான். மரப்பிடியில் கறுப்புத் திட்டுகள். மை ஒட்டிய இடத்தில் கை பட்டிருக்கிறது. ஒட்டாத இடத்தில் காற்று.

“இந்தக் காத்துதான் உன்னை உதைக்குது” என்றார் ஆசாரி.

சென்னைப் புறநகரில் இருக்கும் அந்தச் சுடுதளத்துக்கு நான் போனது வீரர்களைப் பார்க்கத்தான். ஆனால் பொழுதில் பாதி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஆசாரியின் பட்டறைப் பலகை அருகிலேயே கழிந்தது. முப்பது வருடம் நிலை, சன்னல், பூஜையறைக் கதவு செய்தவர் அவர். யாரோ விரிசல் விட்ட பிஸ்டல் பிடியை ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்ததில் தொடங்கியது இந்த வேலை. போட்டிப் பிஸ்டல்களின் பிடிகள் ஐரோப்பாவிலிருந்து சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு போட்டு வருகின்றன. நடுத்தரக் கை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது ஆசாரியின் கட்சி. 

மரம் பெரும்பாலும் அக்ரூட். காஷ்மீரில் வேட்டைத் துப்பாக்கிகளின் பின்கட்டைக்கும் இதைத்தான் எடுக்கிறார்கள். இழை நெருக்கமானது, உளிக்குப் பிளக்காமல் இணங்கும், ஈரக்காற்றில் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. மை ஒட்டாத குழிகளில் எபாக்சி பட்டியை அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, பையனை மறுபடி பிடிக்கச் சொன்னார். பட்டியில் அவன் கைரேகை வரை பதிந்தது. இறுகியதும் அரை வட்ட அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் மை. ஒரு பிடிக்கு இப்படி ஏழெட்டு முறை நடக்கும் என்றார்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்காக? அந்தப் பையன் சுடுவது 25 மீட்டர் ரேபிட் ஃபயர். வரிசையாக ஐந்து இலக்குகள், ஒன்றின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 75 சென்டிமீட்டர். தாழ்த்திய கையை உயர்த்தி ஐந்தையும் ஒவ்வொரு குண்டாகச் சுட்டு முடிக்க முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் வெறும் 4. ஒற்றைக் கை மட்டுமே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ராணுவத்தின் விஜய் குமார் வெள்ளி வென்ற பிரிவு இது. 2018 காமன்வெல்த் போட்டியில் அனீஷ் பன்வாலா 15 வயதில் தங்கம் வாங்கியதும் இதில்தான். ஒவ்வொரு உதைக்குப் பிறகும் முன்குறி எங்கே போய் இறங்குகிறது என்பதில்தான் அந்த 4 நொடியின் ஆட்டமே இருக்கிறது.

உதை என்று பார்த்தால் பெரிதில்லை. இதில் சுடும் .22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம்; நொடிக்கு 300 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். காவல் துறையின் 9 மி.மீ. பிஸ்டல் தரும் உந்தம் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல். சிக்கல் வேறு இடத்தில். குழல் கைக்கு மேலே இருக்கிறது; அதனால் பின்னோக்கி வரும் விசை பிஸ்டலை நேராகத் தள்ளாமல் முனையைத் தூக்கிவிடுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு, பிடியின் மேல் விளிம்பை முட்டும்வரை கை ஏறியிருந்தால் அந்தத் தூக்கல் குறையும். கை ஒரு விரற்கடை இறங்கினாலும் முனை துள்ளும்.

ஓய்வுபெற்ற ஹவில்தாரான பயிற்சியாளர் உதையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த விதம் சுவையானது. மாணவனுக்குத் தெரியாமல் மேகஸினில் இரண்டு நிஜக் குண்டுகளுக்கு நடுவே ஒரு வெற்றுக் குண்டைச் செருகிக் கொடுத்தார். முதலாவது வெடித்தது. இரண்டாவதில் ‘டிக்’ என்ற ஓசை மட்டும். ஆனால் பிஸ்டலின் முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. வராத உதையை அமுக்கப் பார்த்த கை! பையன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“பார்த்தியா, உதைக்கு முன்னாடியே நீ உதைக்கிற” என்றார் பயிற்சியாளர். குண்டு குழலை விட்டு வெளியேற ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி போதும். மனிதக் கை ஒன்றை உணர்ந்து அசைய ஐந்தில் ஒரு நொடியாவது வேண்டும். ஆக, உதை வந்த பிறகு அதை அடக்கிச் சுடுவது என்பது நடக்காத காரியம். வருவதற்கு முன்பே அடக்கப் பார்த்தால் குறி தவறும். உதை போகட்டும், போன வழியிலேயே திரும்பி வரட்டும் என்று விடுவதற்குத்தான் பிடி.

அவர் பாடம் விரல்விரலாகப் போனது. நடுவிரலும் மோதிர விரலும் பிடியை நேராகப் பின்னோக்கி உள்ளங்கைக்குள் இழுக்க வேண்டும். கட்டைவிரல் சும்மா படுத்திருக்கலாம். கை நடுங்கும் அளவுக்கு இறுக்கி, நடுக்கம் நிற்கும்வரை மட்டும் தளர்த்தினால் அதுதான் அளவு. மணிக்கட்டு பூட்டியிருக்க வேண்டும். “ட்ரிகர் விரல் மட்டும் தனிக்குடித்தனம். மத்த விரல்களோட சண்டை சச்சரவுல தலையிடக் கூடாது.”

காவலர்கள் பயிற்சிக்கு வரும் நாள்களில் இரண்டு கைப் பிடி. வலது கை விட்ட காலி இடத்தை இடது உள்ளங்கை நிரப்ப வேண்டும், இரு கட்டைவிரல்களும் இலக்கை நோக்கிப் படுக்க வேண்டும். 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியப் போட்டிகளில் ஷெரிஃப் துறைக்காரரான ஜாக் வீவர் இரு கைகளால் பிடித்து ஜெயித்த பிறகே அந்த வழி பரவியது. 1980களில் ராப் லீதமும் பிரையன் ஈனோஸும் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றைக் கையால் சுட்டே பழகிய நம் ஹவில்தாருக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. “ரெண்டு கை இருந்தா யார்தான் பிடிக்க மாட்டாங்க?” என்கிறார்.

ஒரு கை போனவரின் கதையும் இந்த விளையாட்டில் உண்டு. ஹங்கேரியின் கரோய் டகாச்சின் வலது கையை 1938இல் ஒரு கையெறி குண்டு சிதைத்தது. அவர் இடது கையில் பிஸ்டலைப் பிடித்துப் பழகினார். 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் இதே ரேபிட் ஃபயரில் தங்கம் வென்றார். பட்டறைப் பலகைக்கு மேலே அவர் படம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது முருகன் காலண்டர்.

காலண்டருக்குக் கீழே ஒட்டுப்பலகையில் அடித்த ஒரு பெட்டி. உள்ளளவு 300க்கு 150க்கு 50 மில்லிமீட்டர். சர்வதேச விதிப்படி பிஸ்டல், பிடி உள்பட, அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மரம் மணிக்கட்டைத் தாங்கவும் கூடாது. எவ்வளவு வசதியாகச் செதுக்கினாலும் கடைசியில் இந்தப் பெட்டிக்குள் போட்டுப் பார்ப்பார் ஆசாரி. ஒருமுறை அரை மில்லிமீட்டர் அதிகமாகி, இரண்டு நாள் வேலையை அரத்தால் அழித்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் சுருங்கியது.

மதியம் பையன் திரும்பி வந்தான். ஐந்து குண்டும் கறுப்புக்குள், ஆனால் நான்காவது மட்டும் மேலே ஓடியிருந்தது. கட்டைவிரல் அடியில் இடிக்கிறது, இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும் என்றான்.

ஆசாரி அரத்தைத் தொடவில்லை. அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். “வெயிலுக்குக் கை ஊதியிருக்கு. இப்ப ராவினா காலையில தொளதொளன்னு போயிடும். ஏழு மணிக்கு வா.”

திருகாணியைக் கழற்றிப் பிடியைப் பிரித்தார்கள். இரும்பு, பதிவேட்டில் கையெழுத்தோடு காப்பறைக்குப் போயிற்று. மரம் மட்டும் கண்மைக் கறையோடு பலகையிலேயே கிடந்தது.