தெரிந்தவருக்கு விற்கும் கார்

"ஷோரூம்ல குடுத்தாலும் அந்த வண்டி கடைசில எங்கிட்டதான் சார் வரும். நடுவுல எதுக்கு ஒருத்தருக்கு அழணும்?" என்றார் தரகர். விருத்தாசலம் பாலக்கரையில் டீக்கடை வாசலில் நின்றபடி என் பழைய வேகன் ஆருக்கு விலை பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. எக்ஸ்சேஞ்சில் வரும் வண்டிகளை எல்லாம் ஷோரூம்காரர்கள் தாங்களே கழுவித் துடைத்து விற்பதில்லை. வயதில் சின்னதாக, சிங்கிள் ஓனராக இருப்பதை வைத்துக்கொள்வார்கள். பத்து வயதைத் தாண்டியதும் அடிபட்டதும் தரகர்கள் கைக்குப் போய்விடும். அங்கிருந்து நெய்வேலிக்கோ பண்ருட்டிக்கோ பெண்ணாடத்துக்கோ ஒரு வீட்டு வாசலுக்குப் போகும். என் வண்டிக்கு ஷோரூம் சொன்ன விலை 1,60,000 ரூபாய். தரகர் இன்னும் 15,000 சேர்த்தார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து யோசித்தால், பழைய கார் வியாபாரம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் ஷோரூம் கணக்கு. மதிப்பிட வந்த பையன் கைப்பேசியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கீறல் ஒவ்வொன்றையும் படம் எடுத்தான், டயரைக் கிள்ளிப் பார்த்தான், இன்ஜினைப் போட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு போனான். பிறகு விற்பனைப் பிரிவில் உட்கார வைத்து, "பழைய வண்டிக்கு இவ்வளவு, அதோட எக்ஸ்சேஞ்ச் போனஸ் இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு சார்" என்று பெரிய தொகையாக எழுதிக் காட்டினார்கள். போனஸ் என்பது பெரும்பாலும் புதுக் காரைத் தயாரித்த கம்பெனி கொடுப்பது. அது புதுக் காரின் தள்ளுபடிதான். பழைய காரின் விலையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறவர்கள், பழைய வண்டியைப் பற்றி வாயே திறக்காமல் புது வண்டிக்குக் கடைசி விலையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம்தான் பழையதை வெளியே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எந்தப் பக்கம் ஏறியது, எந்தப் பக்கம் இறங்கியது என்று தெரியாது.

இதற்காக டீலரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு வாடகை, ஆள் சம்பளம், வண்டி விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி எல்லாம் உண்டு. வரியும் உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் என்று ஒரே விகிதமாக்கியது. அது முழு விலைக்கும் இல்லை, லாபத்துக்கு மட்டும். 2 லட்சத்துக்கு வாங்கி இரண்டரை லட்சத்துக்கு விற்றால், இடையில் உள்ள 50,000-க்கு 9,000 ரூபாய் வரி. நானும் நீங்களும் சொந்தக் காரை இன்னொரு தனியாளுக்கு விற்றால் இந்த வரி கிடையாது. அடுத்த அடி 2025 செப்டம்பர் 22-ல் விழுந்தது. சின்ன கார்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. அன்று 18 ஆகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழையது மட்டும் எப்படி நிற்கும்? அதற்கு முன் நல்ல விலை கொடுத்து வண்டிகளை எடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். அந்த அபாயத்துக்கும் சேர்த்துத்தான் டீலர் நம்மிடம் விலையைக் குறைக்கிறார்.

விலைக் குறைவுக்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார்களை உதாரணமாக வைத்து 13 பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அற்பமான விஷயம் என்றும் வேறு காரணம் சொல்லியும் மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே அடிப்படை. விஷயம் எளிது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர், "எதற்கும் இருக்கட்டும்" என்று சராசரி வண்டிக்கான விலையைத்தான் சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு மனம் வராமல் வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவது மட்டமானவை. அதைக் கண்டு விலை இன்னும் இறங்கும். அதே கட்டுரையில், கீழை நாட்டுக் கடைத்தெருவில் அரிசியோடு அரிசியாகக் கலக்கப்பட்ட, அதே நிறமும் வடிவமும் கொண்ட கல்லைப் பொறுக்கும் குடும்பப் பெண்ணும் வருகிறாள். முறத்தில் கல் பொறுக்கியவர்களுக்கு அகெர்லோஃப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றும். அவர் அதைக் கணக்காக எழுதினார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுக்கும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை, கோப்பை என்று சூளையிலிருந்து எது இறங்கினாலும், விவரம் தெரிந்தவர் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் சரக்கு, மொத்தென்றால் உள்ளே விரிசல். வண்டி பார்க்க வந்தவர் கூட்டி வந்த மெக்கானிக்கும் அதையேதான் செய்தார். முன்பக்க ஃபெண்டரிலிருந்து டிக்கிவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். தகரம் இருக்கும் இடத்தில் ஒரு சத்தம், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த இடத்தில் வேறொரு சத்தம். பின் கதவருகே நின்று இரண்டாம் முறை தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்து உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். பானட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பைத் தேடினார். கண்ணாடிகளில் அச்சிட்ட ஆண்டு ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் ஒப்பிட்டுக்கொண்டார்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பார்த்ததுதான் எனக்குப் புதிது. "வெள்ளத்துல முழுகின வண்டின்னா மேட்டை மாத்திடுவாங்க, சீட்டைத் துவைச்சிடுவாங்க. பெல்ட்டோட அடி நுனியை யாரும் கழுவ மாட்டாங்க சார்" என்றார். கடலூர் மாவட்டத்துக்காரர் இப்படிச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் மூழ்கிய கார்கள் கொஞ்சமில்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயல் மறுபடியும் அந்த வேலையைச் செய்தது. மூழ்கிய வண்டி கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஒவ்வொரு வயராகப் பச்சை பூக்கும்.

மாற்றுப் பார்க்காமல் வாங்காதே என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்று மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணக் கதை. கொடுத்தவர் சாட்சாத் சிவபெருமான். அப்படியிருந்தும் மாற்று ஒத்துப் பார்க்க அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார் சுந்தரர். திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார். கடவுளுக்கும் தோழருக்கும் நடுவிலேயே உரைகல் வேண்டியிருந்தது என்றால், நானும் அந்த மெக்கானிக்கும் எம்மாத்திரம்?

கடைசியில் வண்டியை எடுத்தவர் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரின் மைத்துனர், மங்கலம்பேட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியர். விலை 2,10,000. வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "போன ஆடி மாசம் ஸ்டேஷன் ரோட்டுல ஒரு ஆட்டோ உங்க பின் கதவுல இடிச்சதே, அதை மாத்தினீங்களா, தட்டி எடுத்தீங்களா சார்?" அகெர்லோஃபின் சிக்கல் சின்ன ஊரில் இப்படித்தான் பாதி கரைந்துபோகிறது. வண்டி யாருடையது, எங்கே சர்வீஸ், யார் ஓட்டினார்கள், எந்தக் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய் வழியில் நின்றது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். மீட்டரைக் குறைத்துவிட்டு இங்கே நிம்மதியாகத் தெருவில் நடக்க முடியாது. வாங்குபவருக்குப் பயம் குறைவதால் விலை கூடுகிறது. ஷோரூம் விலைக்கும் இவர் கொடுத்ததற்கும் இடையிலான 50,000 ரூபாய், பெரும்பகுதி அந்தப் பழக்கத்தின் விலை.

ஆனால் அதே பழக்கம்தான் அடுத்த கட்டத்தில் காலை வாருகிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஆசிரியர் சொன்னார்: "பேர் மாத்தறதெல்லாம் தை பொறக்கட்டும் சார், பொறுமையா பாத்துக்கலாம். நமக்குள்ள என்ன?" இந்த 'நமக்குள்ள என்ன' என்பதற்கு எதிராகப் பேச நம்மில் பலருக்கு நா எழாது. படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாவியையும் நீட்டிவிடுவோம். வண்டி அவரிடமிருந்து இன்னொருவருக்கு, அங்கிருந்து இன்னொருவருக்கு என்று அதே கையெழுத்தோடு போய்க்கொண்டிருக்கும். ஆர்.சி.யில் பெயர் மட்டும் நம்முடையது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 2007-லேயே விற்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட கார், பல கை மாறியபின் 2009-ல் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தால் கம்பெனி கொடுக்கும். வாங்கியவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தால்? 2025 நவம்பர் 10-ஆம் தேதி டெல்லி செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்தபோதும், பதிவில் பெயர் இருந்தவரைத்தான் போலீஸ் முதலில் பிடித்து விசாரித்தது. அவர் அதை ஏற்கெனவே விற்றிருந்தார்.

ஊர்ப் பக்கம் ஏமாந்தவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவார்கள். நம்பிக்கை இருப்பவர்கள் தாராளமாகக் கட்டட்டும். ஆனால் விபத்து இழப்பீட்டு நோட்டீசுக்கு அங்கே பதில் எழுதித் தர மாட்டார்கள்.

டீலரிடம் கொடுப்பதில் உள்ள உண்மையான லாபம் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வாகன டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டதை இணையத்தில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தால், அதன்பின் பொறுப்பு டீலருடையது. அந்த ஒப்புகைச் சீட்டைத் தருகிற டீலர் 50,000 குறைத்துக் கேட்டாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று வெற்றுப் படிவத்தை நீட்டுகிற டீலருக்கும் பாலக்கரைத் தரகருக்கும், ஏ.சி.யைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

சில்லறை வேலைகள் இரண்டு உண்டு. ஃபாஸ்டேகை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் போகிற சுங்கச்சாவடிக்கெல்லாம் நம் கணக்கில் பணம் போகும். இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, நம்மோடு வருவது. கேட்டால் கம்பெனி அதற்குச் சான்று தரும். மூன்று ஆண்டுக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், 50 சதவீதம்வரை கழிவு கிடைக்கும்.

விருத்தாசலம் மாதிரி ஊரில் இருப்பவர் தெரிந்தவருக்கு நேராக விற்பதே மேல் என்பது என் தீர்ப்பு. வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறவர், அலைய நேரமில்லாதவர், சீட்டு கொடுக்கும் டீலரிடம் போகட்டும். நேராக விற்பவர், பெயர் மாற்றும் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு, விண்ணப்பம் பதிவான பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கிடைத்த 50,000-ல் அது ஒரு சின்னத் துண்டு. ஆசிரியரிடம் நான் அதைத்தான் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் வந்து கைப்பேசியில் ஓ.டி.பி. சொன்னார்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள் இன்றைக்கே எம்பரிவாகன் செயலியில் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரை நடுநடுவே நட்சத்திரக் குறி வைத்து மறைத்துத்தான் காட்டும். மறைக்காமல் விட்ட எழுத்துகள் உங்கள் பெயரோடு ஒத்துப்போனால், வாங்கியவருக்கு உடனே போன் போடுங்கள்.