காலப்பிரமாணம் தவறாமல்

பழைய இணையக் கலைப்படைப்பு ஒன்று பழுதுபார்க்க வந்தால், அதன் நிரலை நான் உடனே திறப்பதில்லை. அந்தக் காலத்துப் பிரவுசரை எமுலேட்டரில் ஓடவிட்டு, படைப்பை அதன் வேகத்திலேயே பார்க்கிறேன். எந்தப் படம் முந்தி வருகிறது, எங்கே காக்க வைக்கிறது, எங்கே பார்ப்பவரைத் திகைக்க விடுகிறது என்று குறிப்பெடுக்கிறேன். நிரலைத் தொடுவது அதற்குப் பிறகுதான். கோப்பைப் பத்திரப்படுத்துவது எளிது, நாலு இடத்தில் நகல் வைத்தால் போதும். அந்தக் கோப்பு திரையில் நடந்துகொள்ளும் விதத்தைக் காப்பாற்றுவதுதான் எங்கள் தொழில்.

இந்த வரிசையில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு படைப்பே போதும். யோன் ஹீம்ஸ்கெர்க், டிர்க் பேஸ்மான்ஸ் இருவரும் ‘ஜோடி’ என்ற பெயரில் 1995இல் வெளியிட்ட பக்கம் அது. திரையில் பச்சை நிறத்தில் எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். மூல நிரலைத் திறந்தால் அதே குறிகள் வரிவரியாக அடுக்கி நின்று ஒரு வெடிகுண்டின் வரைபடமாகத் தெரியும். எச்டிஎம்எல் அடுத்தடுத்து வரும் வெற்றிடங்களையும் வரி முறிவுகளையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். அதைத் தடுக்கும் குறிச்சொல்லை அவர்கள் போடவில்லை. அந்த விடுபடலில்தான் படைப்பே இருக்கிறது. நிரலை ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றை ஓடவிட்டாலே உள்ளிருக்கும் குண்டு கலைந்துவிடும், திரையிலோ ஒரு மாற்றமும் தெரியாது. பழுது எது, படைப்பு எது என்று நிச்சயமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே நல்லது.

இந்தத் துறையில் நான் மிகவும் நேசிப்பது ஓலியா லியாலினாவின் படைப்புகளை. ‘என் காதலன் போரிலிருந்து திரும்பினான்’ என்று பொருள்படும் தலைப்பில் 1996இல் அவர் செய்தது கறுப்பு வெள்ளைப் படங்களும் சின்னச் சின்ன வாக்கியங்களும் கொண்டது. தட்டத் தட்ட திரை இரண்டாக, நான்காக, மேலும் மேலும் சிறு கட்டங்களாகப் பிரியும். போர் முடிந்து சந்திக்கும் இருவர் பேசமுடியாமல் பேசுவது அந்தக் கட்டங்களுக்குள் நடக்கும். திரையை இப்படிப் பிரிக்கும் முறையை எச்டிஎம்எல்5 தரத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பிரவுசர்கள் இன்றும் அதைக் காட்டுகின்றன, படைப்பும் திறக்கிறது. போனது வேறு. மோடம் காலத்தில் ஒவ்வொரு படமும் மெல்ல மெல்ல வந்து சேரும். ஒருவர் கேட்ட கேள்விக்கும் மற்றவர் சொல்லும் பதிலுக்கும் நடுவே பார்ப்பவரும் காத்திருந்தார். இன்று எல்லாம் கண்ணிமைக்கும் முன் வந்துவிடுகிறது. அந்த இருவருக்கும் இடையில் இருந்த மௌனத்துக்கு இடமில்லாமல் போகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட படைப்பைக் காட்சிக்கு வைக்கும்போது பழைய பிரவுசரில் திறப்பதோடு, இணைப்பின் வேகத்தையும் நாங்கள் வேண்டுமென்றே குறைக்கிறோம்.

வேகம் கெடுவதற்கு வழிகள் பல. பழைய ஜாவாஸ்கிரிப்ட் சுழற்சிகள் பலவும் கணினியால் முடிந்த வேகத்தில் ஓடும்படி எழுதப்பட்டவை. அன்று நிதானமாக நகர்ந்த எழுத்து இன்றைய கணினியில் கண்ணில் படாமலே பறந்துவிடும். ஜிஃப் படத்தில் சட்டகங்களுக்கு இடையே பூஜ்ய நேரம் என்று குறித்திருந்தால், இன்றைய பிரவுசர்கள் அதைப் பத்தில் ஒரு நொடியாக எடுத்துக்கொள்கின்றன. சாகித்யம் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தும் காலப்பிரமாணம் போய்விட்ட கீர்த்தனையைப் போலத்தான் அது ஆகிவிடுகிறது.

2013இல் லியாலினா செய்த ‘கோடை’யில் வேகம்தான் உயிர். தான் ஊஞ்சலாடும் காட்சியின் சட்டகங்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இணையதளத்தில் வைத்தார். பிரவுசர் தளம் விட்டுத் தளம் தாவத் தாவ ஊஞ்சல் ஆடும், முகவரிப் பட்டை ஓயாமல் மாறும். இணைப்பு தடுமாறினால் ஊஞ்சலும் தடுமாறும். எல்லாச் சட்டகங்களையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டால் ஆட்டம் சீராகிவிடும், படைப்பு செத்துவிடும். இங்கே காப்பாற்ற வேண்டியது அந்தத் தளங்களை நடத்துகிறவர்களின் ஒத்துழைப்பை.

சில படைப்புகளில் மாற்றாமல் வழியில்லை. ஷு லியா சியாங்கின் ‘பிராண்டன்’, குகன்ஹைம் அருங்காட்சியகம் செய்யச் சொன்ன முதல் இணையப் படைப்பு. 1998–99இல் வெளியானது. 1993இல் நெப்ராஸ்காவில் கொல்லப்பட்ட பிராண்டன் டீனா என்ற திருநம்பியின் வாழ்விலிருந்து கிளைத்தது. அதில் நிறைய அசைவுகள் ஜாவா ஆப்லெட்டுகளால் ஆனவை. பிரவுசர்கள் ஜாவாவைக் கைவிட்டதும் அவை நின்றுபோயின. குகன்ஹைமின் பாதுகாப்பாளர்களும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையினரும் சேர்ந்து, அதே அசைவு வரும்படி புது நிரல் எழுதி 2017இல் அதை மீட்டார்கள். அதில் எனக்குப் பாடமாக நிற்பது ஒன்று: பழைய வரிகளை அவர்கள் அழிக்கவில்லை. அவை ஓடாதபடி குறியிட்டு, அங்கேயே விட்டு, பக்கத்தில் புதியதை எழுதினார்கள். அடுத்து வருகிறவர் எங்கள் முடிவை ஏற்காமல் போகலாம். திரும்பிப் போக அவருக்கு வழி இருக்க வேண்டும்.

விட்னி அருங்காட்சியகம் வேறொரு நேர்மையைக் காட்டியது. டக்ளஸ் டேவிஸ் 1994இல் தொடங்கிய கூட்டு வாக்கியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், முற்றுப்புள்ளி மட்டும் வைக்கக் கூடாது. 2013இல் அதை மீட்டபோது, அறுந்த இணைப்புகளோடு உறைந்த பழைய வடிவம், மீண்டும் எழுதத்தக்க புது வடிவம் என இரண்டையும் வைத்தார்கள். அதில் கொரிய மொழியில் எழுதப்பட்டவை பழைய குறியாக்கத்தால் கிறுக்கலாகிக் கிடந்தன. தமிழர்களுக்கு இந்தத் துயரம் புதிதல்ல. யூனிகோடுக்கு முன் டிஸ்கி, டாப், பாமினி என ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதிய பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் இன்றும் கிறுக்கலாகத்தான் தெரியும். அவற்றை மாற்றும்போது மூலக் கோப்பையும் எழுத்துருவையும் கூடவே வையுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

சமூக ஊடகத்தில் பிறந்த படைப்புகள் இன்னும் கடினம். 2014இல் அமாலியா உல்மன் இன்ஸ்டாகிராமில் மாதக்கணக்கில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை நடித்துக் காட்டினார். மார்பக அறுவை சிகிச்சைகூடப் பொய்யாகவே அரங்கேறியது. பார்த்தவர்கள் நம்பினார்கள், தேற்றினார்கள், ஏசினார்கள். படங்களை மட்டும் சேமித்தால் நடிப்புதான் மிஞ்சும். நம்பியவர்களின் பின்னூட்டங்களோடு சேர்ந்ததே படைப்பு. ரைசோம் அமைப்பு, பிரவுசர் வழியே பக்கத்தில் நடமாடி, சர்வரிலிருந்து வருவதையெல்லாம் அப்படியே பதிவுசெய்யும் முறையில் இதைக் காப்பாற்றியது. இந்த முறையில் தட்டாத சுட்டி பதிவாகாது. ஆகவே ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு பின்னூட்டத்தையும் விரித்து, கடைசிவரை உருட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்த வேலை. ஒரு படைப்பை அவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் பாக்கியம் ரசிகருக்கும் அரிதாகவே வாய்க்கும்.

இன்று பிரவுசரிலும் கைபேசியிலும் படைக்கிறவர்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. வேலை முடிந்த அன்றே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்த வேகத்தில் ஓட வேண்டும், எந்த அளவுத் திரையில், ஒலி தானாகத் தொடங்க வேண்டுமா, இணைப்பு அறுந்தால் என்ன தெரிய வேண்டும், எதை மாற்றலாம், எதை மாற்றினால் அது உங்கள் படைப்பாக இருக்காது. குகன்ஹைமில் உருவான மாறும் ஊடகங்களுக்கான வினாப்பட்டியல் கலைஞர்களிடம் கேட்டதும் இதைத்தான். நிரலை எங்களால் படித்துக்கொள்ள முடியும். உங்கள் மனத்தில் இருந்ததை நீங்கள் எழுதினால்தான் உண்டு.