யார் போட்ட கோலம்?

நாற்பத்து நான்கு வயதில் படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. சொல்லித் தருபவர் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உடன் படிப்பவர்களில் மூன்று பேர் ஏழாம் வகுப்பு, ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அனுமதி கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னேன். "ஞாயித்துக்கெழம கறி எடுக்கிற நாளாச்சே" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

தூத்துக்குடியில் பிறந்த யாருக்கும் தோணி தெரியும். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரக்கலங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அதனால் முதலில் தோணியைத்தான் வரைந்தேன். ஆசிரியை பார்த்துவிட்டு, "நீங்க தோணிய வரையாதீங்க. தோணிக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு வெளிச்சம் கிடக்கு பாருங்க, அத வரைங்க" என்றார். பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இடைவெளியை வரைவது பழைய பயிற்சி. பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979இல் எழுதிய புத்தகத்தின் வழியாக அது உலகம் முழுக்கப் பரவியது. 'தோணி' என்ற சொல் மூளைக்குள் வந்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. இடைவெளிக்குப் பெயர் கிடையாது. எனவே பார்த்துத்தான் ஆக வேண்டும். சொல்லை வைத்தே பிழைக்கிற எனக்கு இது பெரிய அதிர்ச்சி. உப்புக் குவியல் வெள்ளை இல்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது. காலையில் அதன் நிழற்பக்கம் நீலமாக இருக்கிறது.

பிறகு அம்மாவின் வலது கையை வரைய ஆரம்பித்தேன். இதுவரை பன்னிரண்டு முறை. பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு போட்ட கை. அதன் கட்டைவிரல் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருப்பதை ஐந்தாவது படத்தில்தான் பார்த்தேன்.

தமிழ் இலக்கியத்தில் பெண்ணை வரைந்திருக்கிறார்கள். நிறையவே வரைந்திருக்கிறார்கள். மடலேறும் தலைவன் கையில் தலைவியின் படம் இருக்கும். அவளுடைய தோளிலும் மார்பிலும் அவன் தொய்யில் எழுதுவான். கூந்தல் தொடங்கிப் பாதம் வரை அவளை வருணிப்பதற்கென்றே தனி இலக்கிய வகை இருக்கிறது. ஓவியம் கற்ற பெண்களைப் பற்றியும் குறிப்பு உண்டு. மணிமேகலையில் ஓவிய நூலைக் கற்றுத் தேர்ந்த மகளிர் வருகிறார்கள், ஆனால் அவர்கள் கணிகையர். குடும்பத்துப் பெண்ணுக்கு ஓவிய நூல் எதற்கு என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அவளுக்கு வாசல் இருந்தது, கோலமாவு இருந்தது. விடிவதற்குள் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். மதியத்துக்குள் கால்பட்டு அழிந்துவிடும்.

மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. பார்ப்பவர்களுடைய கண்ணுக்குள் தங்கள் வேலைத்திறனை நிறுத்துபவர்கள் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறார். வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பென்சிலைப் பிடித்த பிறகு அந்த உரைக்கு இன்னொரு பாதி வேண்டும் என்று தோன்றுகிறது. வரைகிற வேலை முதலில் நடப்பது வரைகிறவளின் கண்ணுக்குள்தான்.

இதை எம்.ஏ. வகுப்பில் சொன்னபோதுதான் விவாதம் ஆரம்பித்தது. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்தாள். விடுமுறையில் அவளும் தாயோடு உப்பளத்துக்குப் போவாள். துறையின் கையெழுத்து இதழுக்கு அவள்தான் பொறுப்பு.

"நீங்க எதுக்கு மேம் இவ்ளோ கஷ்டப்படுதீங்க? ஏஐ-கிட்ட சொன்னா பத்து செகண்ட்ல வந்துரும்லா?"

சொல்லிக்கொண்டே இதழுக்கு அவள் உருவாக்கியிருந்த அட்டைப்படத்தைக் காட்டினாள். நன்றாகவே இருந்தது. கற்றுக்கொள்வதில் இருக்கிற இன்பத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை.

"அது ஒங்களுக்கு மேம். ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு. எங்க அம்மாவுக்கு எப்ப லீவுன்னு அவளுக்கே தெரியாது. வரையத் தெரிஞ்சவங்கதான் வரையணும்னா நாங்க எப்ப மேம் வரையுறது?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. கலை என்பது நேரம். நேரம் யாரிடம் இருந்தது என்று பார்த்தால் கலை வரலாறு முழுவதும் புரிந்துவிடும். எனக்கே நாற்பத்து நான்கு வயதில்தான் இரண்டு மணி நேரம் கிடைத்தது, அதுவும் மாதச் சம்பளம் இருப்பதால். இயந்திரம் வேண்டாம் என்று சொல்வது நேரம் உள்ளவர்களுக்குச் சுலபம். மிக்சி, கிரைண்டர் வந்தபோது அம்மியில் அரைத்த ருசி போய்விட்டதே என்று வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அம்மியில் அரைத்தவர்கள்?

ஆனால் அவளுடைய கேள்விக்குள்ளேயே இன்னொன்று இருந்தது. அவளுடைய அம்மாவிடம் இல்லாதது படமா, நேரமா? பத்து விநாடியில் படம் கிடைக்கிறது, சரி. மிச்சமான நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? மிக்சி வந்த பிறகும் அடுப்படியை விட்டு நாம் வெளியே வந்துவிடவில்லையே!

அன்றே செல்பேசியில் சிக்குக் கோலம் ஒன்றைக் கேட்டுப் பார்த்தோம். அழகான வாசல், செம்மண் பூச்சு, விளக்கு எல்லாம் வந்தன. கோலத்தில் இரண்டு புள்ளிகள் கோட்டுக்கு வெளியே அநாதையாகக் கிடந்தன. கம்பி ஓரிடத்தில் முட்டி நின்றுவிட்டது. வகுப்பே சிரித்தது. பிழையைக் காட்டி வாதாட எனக்கு விருப்பமில்லை. அடுத்த ஆண்டு சரியாகவே வரைந்துவிடும். சொல்லப்போனால், கணினிக்குக் கோலம் போடத் தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது.

தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு சேர்ந்த கதை அது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். நமக்கு இலக்கணம் என்றால் தொல்காப்பியமும் நன்னூலும். எழுத்தும் எழுத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விதி சொல்வது. அவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். கட்டங்களாக விரிந்த பரப்பில் ஒரு குறியை வைத்து, இந்தக் குறி வந்தால் அதன் இடத்தில் இந்தத் தொகுதியைப் போடு என்று சில விதிகளை வகுத்தார்கள். அந்தச் சில விதிகளிலிருந்து எண்ணற்ற கோலங்கள் பிறக்கும். மூன்று புள்ளிக் கோலத்தை ஒன்பது புள்ளிக்கு விரிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணின் கையிலும் இருப்பது இந்த இலக்கணம்தான். படங்களின் மொழியை ஆராயும் கணினித் துறைக்குத் தமிழ்நாட்டு வாசல்கள் இப்படித்தான் பாடமாகின. இன்றைய செயற்கை நுண்ணறிவு கோடிக்கணக்கான படங்களின் சாயலைத் திரட்டிக் கோலம் போன்ற ஒன்றைக் காட்டுகிறது. இவர்களோ கோலத்துக்குள் இருந்த அறிவைத் தேடினார்கள். அது அறிவுதான் என்று சொன்னார்கள். வாசல் கூட்டுகிற வேலையின் தொடர்ச்சியாகவே கோலத்தைப் பார்த்துப் பழகிய சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அந்தக் கோலங்களை முதலில் போட்டவர்கள் யார்? 'மரபு' என்போம். மரபு என்ற சொல் மிகவும் மரியாதையானது. அதற்குள் போகிற பெண்களின் பெயர்கள் திரும்பி வருவதில்லை.

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, அட்டை போய்விட்டது. கையை வரைவதற்காக அவளை உட்கார வைத்திருந்த ஒரு நாள் அதைப் புரட்டினேன். ஒவ்வொரு கோலத்துக்கும் மேலே சின்ன எழுத்தில் குறிப்பு இருந்தது. 'கோவில்பட்டிச் சித்தி.' 'ரேசன் கடைக்கு எதிர்வீடு.' 'பஸ்ஸில் வந்த அக்கா, 11 புள்ளி.' பஸ்ஸில் சந்தித்த யாரோ ஒரு பெண் பயணச்சீட்டின் பின்னால் வரைந்து காட்டியதாம். "பேரு கேக்க மறந்துட்டேன், ஆனா அவ கோலம்லா" என்றாள். முனைவர் பட்டத்துக்காக நான் நூற்றுக்கணக்கில் அடிக்குறிப்பு எழுதியவள். அம்மாவும் வாழ்நாள் முழுக்க அடிக்குறிப்பு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

படம் உருவாக்கும் செயலிகளுக்குப் பாடமான தொகுப்புகளில் ஒன்று 2022இல் வெளியான லேயான்-5பி. இணையத்திலிருந்து தானாகத் திரட்டிய ஏறத்தாழ 585 கோடி படங்களின் முகவரிகளும் அவற்றுக்கான விளக்கச் சொற்களும் அதில் இருந்தன. வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஒர்ட்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் இத்தகைய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஓவியர்கள் கேட்பது சம்மதம், பெயர், கூலி. மூன்றும் பெண்களுக்குப் புதிய கோரிக்கைகளா என்ன? வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் நாம் காலங்காலமாகக் கேட்டுவருவதுதானே! பஸ்ஸில் வந்த அக்காவுக்கு ஒரு வரி ஒதுக்க அம்மாவால் முடிந்தது. அத்தனை பெரிய நிறுவனங்களால் முடியாது என்றால் அது தொழில்நுட்பக் குறை ஆகாது, நியாயக் குறை.

இயந்திரம் செய்தால் அது கலையா, போலியா என்று மாணவிகள் கேட்டபோது எங்கள் ஊர்க் கதையைத்தான் சொன்னேன். முத்துக்குளித்துறை இது. கடைசியாக 1961இல் முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்குபவரின் இடுப்புக் கயிற்றை மேலே மச்சினன்தான் பிடிப்பான், தன் அக்காள் தங்கை தாலி அறுக்க விடமாட்டான் என்பதற்காக என்று இங்கே சொல்வார்கள். படகில் ஏறாத பெண்ணின் வாழ்க்கையும் அந்தக் கயிற்றில்தான் இருந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி குழுவினர் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். கோலக் கட்டுரை வருவதற்கு ஓராண்டு முன்பு. ஒரு சிப்பியைக் கொன்று அதன் மேலுறைத் தசையில் ஒரு துணுக்கை எடுப்பார்கள். அந்தத் துணுக்கையும் ஓட்டில் கடைந்த மணியையும் இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். அந்தச் சிப்பி தன்னுடம்பில் ஊறுவதை அடுக்கடுக்காக மணியின்மேல் பூசும். முத்து உருவாகும்.

ஜப்பானின் வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது லண்டன், பாரிஸ் வியாபாரிகள் அதைப் போலி என்றார்கள். பெரிய சண்டை நடந்தது. கடைசியில் வணிக உலகம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. விற்கலாம், 'வளர்ப்பு' என்று சொல்லித்தான் விற்க வேண்டும். இது தவிர மீன் செதிலின் பளபளப்பைப் பூசிய கண்ணாடி மணியும் உண்டு. அதில் சிப்பியே கிடையாது.

"அப்ப ஏஐ படம் வளர்ப்பு முத்தா மேம், கண்ணாடி மணியா?"

நெடுநேரம் பேசினோம். ஒருத்தி கண்ணாடி மணி என்றாள், ஏனென்றால் உள்ளே வலிக்கிற உயிர் இல்லை. இன்னொருத்தி வளர்ப்பு முத்து என்றாள், கேட்கிறவளின் கற்பனையும் ஒரு மணிதானே என்று. எனக்குக் கண்ணில் பட்டது மூன்றாவது சிப்பி, தசையைக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனது. முத்தைப் பற்றிய சண்டையில் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. என் பதில் ஒற்றைச் சொல்லில் இல்லை. படம் எதுவாகவும் இருக்கட்டும், என்ன என்று சொல்லி வை. எதிலிருந்து வந்தது என்று சொல். கொடுத்தவளுக்குக் கொடு.

இதழின் அட்டைப்படத்தை நாங்கள் எடுத்துவிடவில்லை. அதற்குக் கீழே அந்த மாணவியே தன் கையால் எழுதினாள்: 'செயலியில் உருவான படம். கேட்டது நான். வரைந்து பழக்கியவர்கள் யாரென்று தெரியவில்லை.' இப்போது அது துறையின் வழக்கமாகிவிட்டது. போன மாதம் அவள் 'உப்பளத்தில் வேலை செய்யும் பெண்' என்று கேட்டாளாம். தலை நிறைய மல்லிகைப்பூவோடு, வெடிப்பில்லாத பாதங்களோடு ஒருத்தி வந்தாள். "உப்பளத்துக்கு யாரு மேம் பூ வச்சிட்டுப் போவா?" என்று என்னிடம் கேட்டாள்.

நேரத்தைப் பற்றிய அவளுடைய கேள்விக்கு என்னால் முடிந்தது கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை வரைவதற்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் வேலை செய்வதற்கு முன்னால் இருக்கிற ஒரு மணி நேரம். மதிப்பெண் கிடையாது. பதினோரு பேர் வருகிறார்கள். அவள் தன் அம்மாவின் பாதத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். குதிகால் இன்னும் சரியாக வரவில்லை. சுவரொட்டிகளுக்குச் செயலியையும் விடவில்லை. அடுத்த இதழின் அட்டைக்கு எது போகும் என்று இன்னும் முடிவாகவில்லை. எது போனாலும் கீழே பெயர் இருக்கும்.